பேஸ்மென்ட்ல கரண்ட் அண்டா வச்சவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

டெட்ராய்ட் ரிட்டர்ன்:

போன வாரம் பரண்ல இருந்து ஒரு பெட்டிய இறக்குனேன், உள்ள நான் கரண்ட்ல பீர் காய்ச்சின அண்டாவோட பழைய கன்ட்ரோல் பேனல், அத பாத்ததும் பழசெல்லாம் கிளம்பிடுச்சு, அதான் எழுதறேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் பீர் காய்ச்சினது எல்லாம் மிச்சிகன்ல இருந்தப்போ. அங்க 1978ல கார்ட்டர் கையெழுத்து போட்ட சட்டத்துல இருந்து வீட்டு உபயோகத்துக்கு காய்ச்சிக்கலாம், ரெண்டு பெரியவங்க இருக்கற வீட்டுக்கு வருஷம் 200 கேலன் வரைக்கும், விக்கக்கூடாது அவ்வளவுதான். இங்க 1937 மதுவிலக்கு சட்டம் இன்னும் உயிரோட இருக்கு, டாஸ்மாக் இருக்கே நாமளும் காய்ச்சுனா என்னன்னு இறங்குனா கம்பி எண்ண வேண்டியதுதான். அதனால இன்பாக்ஸ்ல ரெசிபி கேக்காதீங்க ப்ளீஸ்.

ஆரம்பத்துல வீட்டுக்குப் பின்னாடி கேஸ் பர்னர் வச்சுதான் காய்ச்சினேன். டிசம்பர் வந்தா ஹோஸ் பைப்ல தண்ணி கல்லு மாதிரி உறைஞ்சு போகும், அடுப்பு முன்னாடி நின்னாலும் முதுகு விறைக்கும். சரி கீழ பேஸ்மென்ட்ல கொண்டு போயிடலாம்னா கேஸ் அடுப்ப மூடின ரூம்ல மணிக்கணக்கா எரிக்கறது தற்கொலை, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது ஒண்ணும் கிடையாது, தூங்கினாப்லயே போயிடுவோம். அப்பதான் கரண்டுக்கு மாறலாம்னு முடிவு பண்ணேன்.

அங்க துணி காய வைக்கற ட்ரையருக்குன்னு தனியா 240 வோல்ட் 30 ஆம்ப் லைன் இருக்கும். பெருக்கிப் பாத்தா 7200 வாட் வருது, ஆனா மணிக்கணக்கா ஓடற லோடுக்கு 80 சதவீதத்துக்கு மேல இழுக்கக்கூடாதுன்னு அவங்க ரூல், அப்போ 5760. இதனாலதான் அங்க பாதிப் பேரு 5500 வாட் எலிமென்ட் போடறான், எனக்கும் கணக்கு போட்டப்புறம்தான் காரணம் புரிஞ்சுது. எலிமென்ட்ட அலையலையா மடிச்ச மாதிரி வாங்கணும், நீளம் ஜாஸ்தின்னா சூடு பரவும், மால்ட் (முளைகட்டி காய வச்ச பார்லி) ஊறின தண்ணி அடிப்பிடிக்காது. லீக்கேஜ் வந்தா டக்குனு கட் ஆகறதுக்கு சூடு தண்ணி தொட்டிக்குப் போடற ஸ்பா பேனல் ஒண்ணு, அது 5 மில்லிஆம்ப்லயே விழுந்துடும். ஒரு பி.ஐ.டி (சூட்ட அளந்து கட்டுப்படுத்தற கருவி), ஒரு எஸ்.எஸ்.ஆர் (அது சொல்றபடி எலிமென்ட்டுக்கு கரண்ட விட்டு நிறுத்தற எலக்ட்ரானிக் ஸ்விட்ச்), ஒரு கான்டாக்டர் (மொத்த கரண்டையும் கட் பண்ற பெரிய ஸ்விட்ச்). எழுதறப்போ மூணு வார்த்தை, ஒயரிங் பண்ண எனக்கு நாலு சனிக்கிழமை.

எல்லாம் முடிஞ்சு முதல் தடவை கொதிக்க விட்டேன். வாசனை அப்படியே ஹார்லிக்ஸ் பாட்டில தொறந்த மாதிரி, வீடு முழுக்க, எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நான் மறந்தது எக்ஸாஸ்ட் ஃபேன். ஒரு மணி நேரம் கொதிச்சா நாலு லிட்டர் கிட்ட ஆவியா போகும், போற இடம் இல்லன்னா அது சீலிங்ல ஒட்டி சொட்டு சொட்டா விழும்ல, விழுந்துச்சு, எங்க தெரியுமா, மாமியார் கொடுத்து விட்ட கொலு பொம்மை பெட்டி மேல. நாலு அட்டைப்பெட்டி கூழாயிடுச்சு. செட்டியார் பொம்மையோட தலைப்பாகை பெயிண்ட் வழிஞ்சு செட்டியாரம்மா மூஞ்சில. வீட்டம்மா ஒரு வார்த்தை திட்டல, பெட்டிய எடுத்து ஹாலுக்குக் கொண்டு போனாங்க, ரெண்டு நாள் சாப்பாடு மட்டும் வந்துச்சு பேச்சு வரல. மூணாவது நாள் ஆறு இஞ்ச் ஃபேன் வாங்கி சுவத்துல ஓட்ட போட்டுட்டேன்.

2019ல சென்னை திரும்பறப்போ அண்டா, பேனல், பம்ப் எல்லாத்தையும் கன்டெய்னர்ல ஏத்திட்டு வந்தேன். பம்ப் 120 வோல்ட்டுன்னு தெரியும், தெரிஞ்சே தூக்கக் கலக்கத்துல அடாப்டர் போட்டு நம்ம 230ல சொருகிட்டேன். டொப்புன்னு ஒரு சத்தம், அப்புறம் அந்த வாசனை. ஹார்லிக்ஸ் இல்ல.

மிச்ச செட்ட வச்சு கொஞ்ச நாள் நன்னாரி சர்பத் போட்டேன், அப்புறம் எல்லாம் பரணுக்குப் போயிடுச்சு. கேள்வி என்னன்னா, மூணு வருஷம் பரண்ல கிடந்த எலிமென்ட்ட மாட்டி ஸ்விட்ச் போட்ட உடனே ட்ரிப்பர் விழுது. திரும்பப் போட்டா திரும்ப விழுது. யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

சும்மா வந்தவன்:

பேஸ்மென்ட்டா? எங்க ஏரியாவுல அதுக்குப் பேரு கார் பார்க்கிங், ஐப்பசி கார்த்திகையில நீச்சல் குளம்.

வேளச்சேரி வாசி:

மேல இருக்கறவர் கிண்டலா சொல்றாரு, எனக்கு சிரிப்பு வரல. நான் கொம்புச்சா (சர்க்கரை போட்டு புளிக்க வைக்கற டீ) போட்டுட்டு இருந்தேன், சின்ன அளவுல, ஒரு அபார்ட்மென்ட்டோட செமி பேஸ்மென்ட்ல ஸ்டோர் ரூம் வாடகைக்கு எடுத்து. கீழ இருந்தா குளுகுளுன்னு இருக்கும், கொம்புச்சாவுக்கு 24ல இருந்து 29 டிகிரி வரைக்கும் சொகுசு, நம்ம மே மாசத்துல மாடி ரூம்ல வச்சா புளிச்சு வினிகர் ஆயிடும். டீ காய்ச்ச 50 லிட்டர் எஸ்.எஸ் டிரம், 3 கிலோவாட் எலிமென்ட், ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின பி.ஐ.டி. ஆல்கஹால் அரை சதவீதத்துக்கு மேல போனா ஃபுட் சேஃப்டி கணக்குல அது மதுபானம், அதனால பாட்டிலடிச்ச உடனே ஃப்ரிட்ஜ்ல ஏத்திடுவேன்.

2015 வெள்ளத்த பாத்தவன் நான். அதுக்கப்புறமும் ஸ்விட்ச் போர்ட முட்டி உயரத்துல வச்சேன், ஏன்னா ஒயர் மிச்சம். இத என்னன்னு சொல்றது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம். காலைல இறங்கிப் பாத்தா கடைசி மூணு படி காணோம், கறுப்பா தண்ணி, அதுல என்னோட ஜாடி ரெண்டு மூணு மிதக்குது மூடியோட. முதல்ல தோணினது இறங்கி ஜாடிய எடுக்கணும்னு, ஒரு கால் வச்சுட்டேன் கூட. வாட்ச்மேன் அண்ணன் சட்டையப் புடிச்சு இழுத்து "தம்பி மேல கரண்ட் போயிருக்கு, ஜெனரேட்டர் லைன் எங்க போகுதுன்னு உனக்குத் தெரியுமா"ன்னு கேட்டாரு. தெரியாது. எனக்கு உண்மையிலயே தெரியாது. ஜெனரேட்டர்ல இருந்து லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் லைன் போகுது, அது என் ரூம் சுவர் வழியா போகுதுன்னு அப்புறம்தான் எலக்ட்ரீஷியன் காட்டுனாரு.

தண்ணி வடிய அஞ்சு நாள். பி.ஐ.டி போச்சு, எஸ்.எஸ்.ஆர் போச்சு, டிரம்ம மட்டும் தேச்சுக் கழுவி வச்சிருக்கேன். கொம்புச்சாவ புளிக்க வைக்கற தாய்ப்படலம் ஒரு துண்டு ஃப்ரெண்டு வீட்ல கொடுத்து வச்சிருந்தேன், அது பொழச்சுது. இப்போ முதல் மாடி, ஏசி பில்லு எகிறுது, பரவால்ல.

ஒயர்மேன் வியாசர்பாடி:

டெட்ராய்ட் சார், எலிமென்ட் உள்ள சுருள் கம்பிய சுத்தி வெள்ளையா ஒரு பவுடர் அடைச்சிருப்பான், மெக்னீசியம் ஆக்சைடு. சீல் லைட்டா விட்டிருந்தா அது நம்ம ஊரு காத்துல ஈரம் குடிச்சுரும், பாடிக்கு லீக்கேஜ் வரும், ட்ரிப்பர் விழும். கழட்டி ரப்பர் வாசர எடுத்துட்டு அவன்ல சின்ன சூட்டுல ரெண்டு மூணு மணி நேரம் வச்சு எடுங்க, மெகர் (லீக்கேஜ் இருக்கான்னு காட்டற மீட்டர்) வச்சு பாத்துட்டு அப்புறம் மாட்டுங்க. காயலன்னா தூக்கிப் போடுங்க. ட்ரிப்பர பைபாஸ் பண்ணி ஓட்டிப் பாக்கலாம்னு மட்டும் மனசுல தோணவே கூடாது, உங்கள காப்பாத்தத்தான் அது விழுது.

ரெண்டாவது. அது 240க்கு 5500 வாட் பீஸு, நம்ம 230ல 5050 சொச்சம் வரும், 22 ஆம்ப். நம்ம பவர் ப்ளக் 16 ஆம்ப். அதுல சொருகுனா ப்ளக்கு உருகி சாக்கெட்டோட ஒட்டிக்கும், நான் எத்தனை பேத்து எடுத்திருக்கேன். தனி எம்.சி.பி, 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர், மீட்டர் போர்டுல இருந்து நேரா. சாங்ஷன் லோடு (உங்க வீட்டுக்கு அனுமதிச்ச கரண்ட் அளவு) எவ்வளவுன்னு இ.பி. கார்டுல பாருங்க, சிங்கிள் ஃபேஸ்ல ஏசியும் இதுவும் சேந்து ஓடுனா தாங்காது.

மூணாவதுதான் முக்கியம். அமெரிக்காவுல 240ன்னா ரெண்டு ஒயரும் லைவ், பூமிக்கு ஒவ்வொண்ணும் 120. இங்க ஒண்ணு ஃபேஸ் ஒண்ணு நியூட்ரல். உங்க பேனல்ல எஸ்.எஸ்.ஆர் எந்த ஒயர்ல உக்காந்திருக்குன்னு பாருங்க. நியூட்ரல்ல உக்காந்துச்சுன்னா லைட்டு ஆஃப்னு காட்டும், உள்ள எலிமென்ட் முழு ஃபேஸ்ல நிக்கும். ஒரு சமையல் காண்ட்ராக்டர் கிட்ட சுடுதண்ணி டிரம் ரிப்பேருக்குப் போனேன், ஸ்விட்ச் நியூட்ரல்ல போட்டு வச்சிருந்தானுங்க, எலிமென்ட் தோலு விரிசல், எர்த்து கம்பி சும்மா தொங்குது. சமையல் மாஸ்டர் ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டுதான் கரண்டி விட்டிருக்காரு. தூக்கி எறிஞ்சதுல தோள்பட்டை விலகிப் போச்சு, ஆளு பொழச்சது அவரு ரப்பர் செருப்பு போட்டிருந்த புண்ணியம். 30 மில்லிஆம்ப் ட்ரிப்பர் அந்த எடத்துல இல்ல.

ராகி அக்கா:

நான் பீரும் இல்ல கொம்புச்சாவும் இல்ல, முளைகட்டின கேழ்வரகு மாவு போடறேன், மாம்பலத்துல வீட்லயே. ஆனா இந்த பி.ஐ.டி கதை எனக்கும் இருக்கு. எங்க அண்ணன் பையன் 20 லிட்டர் பாத்திரத்துல ஹீட்டர் வச்சு செட் பண்ணிக் கொடுத்தான், கஞ்சி காய்ச்ச. ஒரு நாள் மாவ கரைச்சு 65ல வச்சுட்டு கோயிலுக்குப் போயிட்டேன், பிரதோஷம், கூட்டம், வர ஒன்றரை மணி நேரம் ஆச்சு. வந்து பாத்தா கஞ்சி கெட்டியாகவே இல்ல, தண்ணி மாதிரி ஓடுது. கெட்டுப் போச்சுன்னு நினைச்சு வாயில வச்சா தித்திப்பு! ஒரு சிட்டிகை சர்க்கரை போடல நான். மாமியார் யாரோ வெல்லம் போட்டுட்டாங்கன்னு வீட்ல இருக்கற எல்லாரையும் விசாரிச்சாங்க. இது என்ன மாயம்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

இன்னொண்ணு, எஸ்.எஸ்.ஆர் கெட்டா என்ன ஆகும்னு யாரும் சொல்லலையே. எனக்கு அது பொசுங்கிப் போனப்போ ஆஃப் ஆகல, ஆன்லயே நின்னுடுச்சு. பி.ஐ.டி 65னு காட்டறத விட்டுட்டு 80, 90னு ஏறுது, நான் பட்டன அமுக்கறேன் கேக்கவே மாட்டேங்குது, கடைசில ப்ளக்க புடுங்கினேன். மேல 40 ஆம்ப்னு எழுதியிருந்த மலிவு பீஸு, கீழ சூடு இறக்கற அலுமினிய பிளேட்டும் கிடையாது.

டெட்ராய்ட் ரிட்டர்ன்:

அக்கா!! நீங்க பண்ணது அப்படியே மேஷ்!! பீர்காரங்க பார்லி மால்ட்ட 66 டிகிரில ஒரு மணி நேரம் ஊற வைக்கறதும் இதேதான். தானியத்த முளைகட்டும்போது உள்ள அமைலேஸ்னு என்சைம் வருது, 60லேர்ந்து 70க்குள்ள சூடு நின்னா அது மாவுச்சத்த வெட்டி வெட்டி சர்க்கரையாக்கிடும், அதான் இளகுச்சு, அதான் இனிப்பு. நேரா கொதிக்க விட்டா என்சைம் செத்துடும், கஞ்சி கெட்டியாவே நிக்கும். குழந்தைங்களுக்கு முளைகட்டின ராகி கொடுத்தா கஞ்சி லேசா இருக்குன்னு பாட்டிங்க சொல்றதுக்கும் காரணம் இதுதான். நான் மிச்சிகன்ல அவ்வளவு செலவு பண்ணி கத்துக்கிட்டத நீங்க பிரதோஷத்துக்குப் போயிட்டு வந்து கண்டுபுடிச்சுட்டீங்க. ஈஸ்ட் மட்டும் போட்டுடாதீங்க, அப்புறம் சட்டம் வந்துடும்.

எஸ்.எஸ்.ஆர் பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு, அது செத்தா பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அதுக்குத்தான் முன்னாடி ஒரு கான்டாக்டர், கையால அமுக்கினா மொத்தமா கட் ஆகணும்.

நன்னாரிக்கும் இந்த டெம்பரேச்சர் விளையாட்டு இருக்கு. மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில வேர் வாங்கி, நடுக்கட்டைய எடுத்துட்டு தோல மட்டும் இடிச்சு, முன்னாடி எல்லாம் தளதளன்னு கொதிக்க விடுவேன், தெரு முழுக்க மணக்கும், சர்பத்துல ஒண்ணும் இருக்காது. மணமெல்லாம் ஆவியோட போயிடுச்சுன்னு உறைக்க ரெண்டு கோடை ஆச்சு. 80ல மூடி போட்டு ஊற விட்டு, வடிகட்டி, அப்புறம் சர்க்கரை. சர்க்கரைய எலிமென்ட் இருக்கற அண்டாவுலயே போட்டேன் ஒரு தடவை, எலிமென்ட் மேல கரி கட்டி அத சுரண்டினது தனிக்கதை. போர் தண்ணிய ஊத்தி ஓட்டுனதுல வெள்ளையா உப்பு வேற படிஞ்சு கிடந்துச்சு, எலுமிச்சை உப்பு கரைச்சு ஊற வச்சுதான் போச்சு.

சும்மா வந்தவன்:

கரண்ட் பில் எவ்வளவு ஆகும் சாரே? 40 லிட்டர் கொதிக்க?

டெட்ராய்ட் ரிட்டர்ன்:

28 டிகிரி தண்ணி 100 ஆகணும்னா 3.35 யூனிட், அது ஃபிசிக்ஸ், எந்த எலிமென்ட் போட்டாலும் மாறாது. அண்டாவுக்கு வெளிய போற சூட்ட சேத்து நாலுன்னு வச்சுக்கோங்க. 3 கிலோவாட்ல போட்டா ஒரு மணி இருபது நிமிஷம். சாயங்காலம் வோல்டேஜ் 200க்கு இறங்கற ஏரியான்னா அதே எலிமென்ட் 2270 வாட்தான் கொடுக்கும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல தள்ளிடும்.

எலிமென்ட் இப்ப அவன்ல இருக்கு. வீட்டம்மா கேக் ட்ரேக்குப் பதிலா அத பாத்துட்டு "இது எப்ப வெந்து முடியும்"னு கேட்டாங்க. அண்டா இந்த வீட்ல இருக்கணும்னா நவராத்திரிக்கு ஒன்பது நாளும் சுண்டலுக்குக் கடலை அதுலதான் வேகணும்னு கண்டிஷன். கொலு பெட்டிங்க எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறியாச்சு, அந்த ரூம் சாவி என் கையில இல்ல.

ஒயர்மேன் அண்ணே, பேனல திறந்து பாத்தேன், எஸ்.எஸ்.ஆர் ஒரு ஒயர்ல மட்டும்தான் இருக்கு, எது ஃபேஸாகும்னு எனக்கே குழப்பமா இருக்கு. ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு வர முடியுமா?

ஒயர்மேன் வியாசர்பாடி:

ஞாயிறு முகூர்த்த நாளு சார், மண்டபத்துல லைட்டிங் வேலை இருக்கு. சனிக்கிழமை பத்து மணிக்கு வரேன். அதுவரைக்கும் அத எதுலயும் சொருகாதீங்க.