கன்டெண்டரா, எக்ஸ்பி-100ஆ? ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியின் துல்லியம்

குறிஞ்சிமலர்:
ரெமிங்டன் 1963இல் வெளியிட்ட எக்ஸ்பி-100 போல்ட் (பின்னிழுத்துத் திறக்கும் தாழ்) அமைப்புடையது; தாம்ப்சன்/சென்டர் 1967இல் கொணர்ந்த கன்டெண்டரோ நடுவே மடிந்து திறப்பது. கீல் என்று ஒன்று இருந்தால் அது தேயும். தேய்ந்தால் குழல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமராது. எனவே அமெரிக்கச் சமவெளியில் 200 கெஜத் தொலைவில் பிரெய்ரி நாயை (பெயர்தான் நாய், உண்மையில் வளை தோண்டும் அணில்) சுட விரும்புவோர் எக்ஸ்பி-100ஐயே தேட வேண்டும் என்பது என் கருத்து.

வல்லவன்:
ஐயா, ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டீர்கள். கன்டெண்டரில் ஸ்கோப் (குறிநோக்குத் தொலைநோக்கி) சட்டத்தின் மீதன்று, குழலின் மீதே பொருத்தப்படுகிறது. ஆகவே கீல் சற்றே ஆடினாலும் குழலுக்கும் குறிநோக்குக்கும் இடையிலான உறவு மாறுவதில்லை. என் பட்டறிவில் தொல்லை தருவது முன்கைக்கட்டைதான் (குழலுக்கு அடியில் உள்ள பிடிக்கட்டை). அது குழலோடு திருகப்பட்டிருப்பதால், மணற்பையில் அதன் நுனியை வைத்துச் சுடும்போதும் நடுப்பகுதியை வைத்துச் சுடும்போதும் குண்டு வெவ்வேறு இடத்தில் படுகிறது. வெற்றுத் தோட்டாக்கூட்டை மறுபயன்பாட்டுக்கு அழுத்தும்போது அதன் தோள்பகுதியை அளவுக்கு மீறித் தள்ளிவிட்டாலும் துளைகள் சிதறும். இவ்விரண்டையும் திருத்தாமல் கீலைப் பழிப்பது ஆடத் தெரியாதவர் கூடத்தைக் குறை சொல்வது போன்றது. எக்ஸ்பி-100இலும் குறை உண்டு: விசை முன்னே, பின்னே இருக்கும் பிடிப்பானோடு (சுடும் ஊசியைத் தடுத்து நிறுத்தும் உறுப்பு) அதை நீண்ட தண்டு இணைப்பதால், இழுப்பில் கூர்மை குறைகிறது.

கரிசல்காட்டான்:
இருவரும் கணக்கைப் பார்க்கவில்லை. ஒரு கோண நிமிடம் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்பது 100 கெஜத்தில் ஏறத்தாழ 2.7 செ.மீ.; இரண்டு நிமிடக் கோணத்துக்குள் சுடும் துப்பாக்கி 200 கெஜத்தில் 10.6 செ.மீ. பரப்பில் துளைகளைச் சிதறவிடும். நிமிர்ந்து நிற்கும் பிரெய்ரி நாயின் அகலம் அரைச் சாண்கூடத் தேறாது.

குறிஞ்சிமலர்:
அந்தக் கணக்கு என் பக்கமே சாய்கிறது. எக்ஸ்பி-100க்கென்றே .222 ரெமிங்டன் தோட்டாவைச் சுருக்கி .221 ஃபயர்பாலை உருவாக்கினார்கள். 50 கிரெயின் எடைக் குண்டு, அந்தக் குட்டைக் குழலிலிருந்தும் வினாடிக்கு ஏறக்குறைய 2,650 அடி வேகத்தில் பாய்கிறது. கன்டெண்டரில் பலரும் விரும்பும் .22 ஹார்னெட் தோட்டா அவ்வளவு விரைவானதன்று. காற்று அதை அதிகம் தள்ளும்.

வல்லவன்:
அது தோட்டாவின் சிறப்பு, போல்ட்டின் சிறப்பன்று. கன்டெண்டருக்கு .223 தோட்டாவுக்கான குழலும் கிடைத்தது. 1976இல் தொடங்கிய பன்னாட்டுக் கைத்துப்பாக்கி உலோக நிழலுருச் சங்கத்தின் போட்டிகளில் 50 முதல் 200 மீட்டர் வரை வைத்த இரும்புக் கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடாக்களைக் கன்டெண்டர் ஆண்டுக்கணக்கில் வீழ்த்தி வந்தது. கீல் அவ்வளவு கேடானதாயின் அது நடந்திருக்குமா? பழையதை வாங்குவோர் குழலடியில் உள்ள பூட்டுநாக்கு இறுக்கமாய் விழுகிறதா என்றும், கீல் ஊசியில் ஆட்டம் உண்டா என்றும் பார்த்துக்கொண்டால் போதும். தடித்த ஊசி மாற்றுவதும் எளிது.

குறிஞ்சிமலர்:
கீல் ஊசியைச் சோதியுங்கள், தடித்ததாக மாற்றுங்கள் என்கிறீர்கள். கீல் தேயும் என்றுதானே நானும் முதல் பதிவில் சொன்னேன், ஐயா?