ரஞ்சி ஆட்டங்களை நேரில் காண வழிகாட்ட வேண்டுகிறேன்

குழு நண்பர்களுக்கு வணக்கம். 2008-இல் ஐபிஎல் தொடங்கியதிலிருந்து சென்னை அணியின் ரசிகன் நான். 2016, 2017 ஆகிய இரு பருவங்களில் அணி இடைநீக்கத்தில் இருந்தபோதும் வேறு அணியை ஆதரிக்க மனம் ஒப்பவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒவ்வோர் ஏலத்துக்குப் பிறகும் அணிப் பட்டியலைப் பார்க்கையில், ஊருக்காகக் கைதட்டுகிறோமா, முதலாளியின் சட்டை நிறத்துக்காகவா என்ற ஐயம் எழுகிறது. நம் அஸ்வினே புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான் எனச் சுற்றிவிட்டு 2025-இல்தான் சென்னைக்குத் திரும்பினார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் சென்னையின் விக்கெட்டை வீழ்த்தும்போதெல்லாம் மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் விழித்திருக்கிறேன். (வீரர்கள் நல்ல வருமானம் பெறுவதில் எனக்கு மனக்குறை ஏதுமில்லை.)

கிரிக்கெட்டின் மீதுள்ள பற்று மட்டும் குறையவில்லை. ஆகவே, மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையை 1987-88 பருவத்தில் வென்ற பின் நெடுங்காலமாக அதற்காக ஏங்கிவரும் தமிழ்நாட்டு அணியின் ரஞ்சி ஆட்டங்களைப் பள்ளி செல்லும் என் மகனுடன் நேரில் காண விரும்புகிறேன். கோவை, சேலம், நத்தம் மைதானங்களுக்குச் சென்றவர்கள், பொதுமக்களுக்கு அனுமதி எவ்வாறு, நிழலான இருக்கை உண்டா, பந்து சுழல்வதைப் பந்துவீச்சாளருக்கு நேர்பின்னால் அமர்ந்து பார்க்க இடமுண்டா என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். நான்கு நாள் ஆட்டத்தில் ஒரு நாள்தான் வர இயலும் என்றால் எந்த நாளைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்பதையும் கூறுங்கள்.