லஃபாயெத்துக்காகக் கட்டிய பாட்டுகளைப் பாடிய அனுபவம்

அமெரிக்காவுக்குக் குடிவந்து பல வருஷமாகியும் லஃபாயெத் என்பது எனக்கு வெறும் ஊர்ப்பெயர், தெருப்பெயர்தான். 2024இல், அந்தப் பெயருக்குரிய தளபதி லஃபாயெத் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்ததன் 200ஆம் ஆண்டுக்காக எங்கள் ஊர் நூலகத்தில் பாட ஆள் சேர்த்தார்கள். பாட்டு என்றால் விடமாட்டேன், பேர் கொடுத்துவிட்டேன்.

பிரெஞ்சுக்காரரான அவர் 19 வயதில் கடல் தாண்டி வந்து அமெரிக்க விடுதலைப் போரில் இறங்கியவர். 1777இல் பிராண்டிவைன் சண்டையில் காலில் குண்டடி பட்டது. 1824இல் ஜனாதிபதி மன்ரோ அழைத்ததன் பேரில் மறுபடி வந்து, அப்போதிருந்த 24 மாநிலங்களையும் ஒரு வருஷத்துக்கு மேல் சுற்றினார். போன இடமெல்லாம் வளைவு, பூமாரி, பாட்டு.

அந்தப் பாட்டுகளில் பலவற்றுக்குப் புது மெட்டு கிடையாது. ஊருக்கே தெரிந்த ஒரு மெட்டை எடுத்துச் சொல்லை மட்டும் மாற்றி, ஒற்றைத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் 'வர்ணமெட்டு' என்று போட்டிருக்குமே, அப்படித் தலைப்புக்குக் கீழே மெட்டின் பெயர் இருக்கும். ஒத்திகை இல்லாமல் ஒரு கூட்டமே சேர்ந்து பாட இதைவிட நல்ல வழி ஏது? அன்றைக்குத் தேசிய கீதம் மாதிரி இருந்த 'ஹெயில் கொலம்பியா'வே, வாஷிங்டனுக்காகப் போட்ட அணிவகுப்பு இசைக்கு 1798இல் சொல் எழுதிச் சேர்த்ததுதான். அதில் குரல் சட்டென்று மேலே ஏறும் ஓர் இடம் உண்டு. பக்கத்தில் நின்ற பாட்டியம்மா அந்த இடம் வரும்போதெல்லாம் என் தாளில் விரலால் தட்டி முன்கூட்டியே எச்சரிப்பார்.

என்னை உலுக்கியது வேறொன்று. 1824 ஆகஸ்ட் 16ஆம் தேதி அவரை நீராவிக் கப்பலில் நியூயார்க்குக்கு அழைத்து வந்தபோது வெஸ்ட் பாயிண்ட் இராணுவ வாத்தியக் குழு வாசித்தவற்றில் பிரெஞ்சுப் புரட்சிப் பாட்டான 'மார்செய்யேஸ்' ஒன்று. பிரான்சில் அப்போது மன்னராட்சி திரும்பியிருந்தது, அந்தப் பாட்டுக்குத் தடை. சொந்த மண்ணில் பாட முடியாத பாட்டை வேற்று நாட்டுப் படைவீரர்கள் அவருக்காக வாசித்திருக்கிறார்கள்! கூடவே, சொந்தக் குடும்பத்தின் நடுவே இருப்பதைவிட நலமான இடம் எது என்று கேட்கும், இசையமைப்பாளர் கிரெத்ரியின் பிரெஞ்சுப் பாட்டையும் வாசித்தார்கள். தளபதி என்பதைத் தாண்டி, வீட்டுக்கு வந்த பிள்ளையாகவே அவரை நடத்தினார்கள் என்று தோன்றியது.

ஒரு வருத்தமும் உண்டு. எங்கள் கோப்பிலிருந்த பாட்டுகள் எல்லாமே விடுதலையைப் புகழ்ந்தன. ஜேம்ஸ் ஆர்மிஸ்டெட் பேர் ஒன்றில்கூட இல்லை. விடுதலைப் போரின் கடைசிப் பெரிய சண்டையான யார்க்டவுன் சமயத்தில் லஃபாயெத்துக்காக உளவு பார்த்த கறுப்பின அடிமை அவர். போர் முடிந்தும் அடிமையாகவே இருந்து, லஃபாயெத் கொடுத்த சான்றுக் கடிதத்தின் துணையோடு 1787இல்தான் விடுதலை பெற்றார். அப்புறம் தன் பெயரோடு லஃபாயெத் பெயரையும் சேர்த்துக்கொண்டார். 1824இல் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் கூடிய கூட்டத்தில் லஃபாயெத் அவரை அடையாளம் கண்டு கட்டித் தழுவினார். பாட்டுகளுக்கு நடுவே இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். எங்களை நடத்தியவர் உடனே சரி என்று, அதை வாசிக்கும் வேலையையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

அந்தக் காலத்து இசைத்தாள்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பாட விருப்பமுள்ளவர்கள் எடுத்துப் பாருங்கள், மெட்டு பிடிபட அதிக நேரம் ஆகாது.