தோல் வியாதியும் குடியும்: மனதை விட்டுப் போகாத சம்பவம் இருந்தால் சொல்லுங்கள்

மழைக்காகம்:
சொரியாசிஸ் என்ன பாடு படுத்தும் என்று இங்கே விளக்க வேண்டாம். களிம்புக்குக் கேட்கவில்லை, மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதப் போனார் டாக்டர். "குடிப்பீங்களா?" நான் வாயைத் திறக்கும் முன் மனைவி "தினமும்" என்றாள். அவர் பேனாவை மூடிவிட்டு "முதல்ல கல்லீரல் டெஸ்ட்" என்றார். ராத்திரி அரிப்பில் தூங்க முடியாமல் தொடங்கிய பழக்கம் இது. ஏன் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

கடைசிபெஞ்சு:
அரிப்பின் மேல் பழி போடாதீர்கள் சார். குடித்தால் தோலில் ரத்தக் குழாய்கள் விரிந்து சூடு ஏறும், அரிப்பு கூடத்தான் செய்யும். வந்த தூக்கமும் பாதியில் கலையும். என் அண்ணன் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். ஒரு விசேஷத்தில் நாலு ரவுண்டு போன பிறகு கையை மடித்துவிட்டு ஆடினான். அந்தக் கைகளை நான் பார்த்தே வருஷக்கணக்காகியிருந்தது. அடுத்தவர் பார்வைக்குப் பயந்துதான் அவன் குடித்தான்.

சிவந்தமூக்கு:
நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. ரோசேசியா, முகம் சிவந்துபோகும் தோல் வியாதி. காலை மீட்டிங்கில் மேலாளர் கை குலுக்கும் சாக்கில் குனிந்து என் மூச்சை மோந்து பார்த்தார். மோந்து பார்த்துவிட்டு "குட்மார்னிங்" வேறு!

பழையபேஷண்ட்:
மழைக்காகம், ஒன்று சொல்கிறேன். பயந்துபோய் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மெத்தோட்ரெக்சேட், மது இரண்டுமே கல்லீரலைப் பதம் பார்ப்பவை, அவர் பேனாவை மூடியது சரிதான். வாரம் ஒரு முறை போடும் மாத்திரை அது, போதையில் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சொரியாசிஸுக்குக் கொடுக்கும் அசிட்ரெடின் மருந்து இன்னொரு வம்பு. மது சேர்ந்தால் எட்ரெடினேட் என்ற வேறொரு ரசாயனமாக மாறி உடம்புக் கொழுப்பில் நெடுநாள் தங்கிவிடும். கருவைப் பாதிக்கும் மருந்து. அதனால்தான் பெண்களிடம், நிறுத்திய பிறகும் 3 வருடம் கர்ப்பம் வேண்டாம் என்கிறார்கள். டாக்ரோலிமஸ் களிம்பு போடுபவர்கள் குடித்தால் சிலருக்கு முகம் சிவந்து எரியும்.

கடைசிபெஞ்சு:
இவர் மருந்துச் சீட்டு கேட்டாரா? உங்கள் சம்பவம் எங்கே?

பழையபேஷண்ட்:
தோல் பிரிவில் நர்ஸ், குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் என்ற 10 கேள்வித் தாளைக் கொடுத்தார். மதிப்பெண்ணைக் கூட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மீதியை இங்கே எழுத மனசில்லை.