கண்ணாடி இறப்பருக்குள் செருகும் பட்டிக்கு என்ன சொல்? திங்களுக்குள் வேண்டும்

எழுதியவர்: கொக்குவில் ஆசிரியை
வெள்ளி காலை

அனைவருக்கும் வணக்கம்.

வாகன உடல் வேலை படிக்கிற எங்கட பெடியளுக்கு ஒரு செய்முறைக் கைந்நூல் அடிக்கிறம். திங்கள் காலை அச்சகத்தில கொடுக்கவேணும். 13 பக்கம் தடையில்லாமல் வந்தது, 14ஆம் பக்கத்தில நிற்கிறன். பாடம்: மொறிஸ் மைனரின் முன்கண்ணாடியைக் கழற்றிப் பூட்டுதல்.

இந்தக் காரைக் கிட்ட நின்று பார்க்காதவர்களுக்காகச் சொல்லுகிறேன். இப்போதைய கார்களில் முன்கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டிவிடுகிறார்கள். பழைய கார்களில் கண்ணாடியைச் சுற்றி ஓர் இறப்பர் இருக்கும். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எச் எழுத்து மாதிரித் தெரியும். ஒரு பக்கத் தவாளிப்பு, அதாவது நீளப் பள்ளம், கண்ணாடியைப் பிடிக்கும், மறுபக்கத் தவாளிப்பு காரின் தகர விளிம்பைப் பிடிக்கும். வெளிமுகத்தில் மூன்றாவதாக ஒரு சின்னத் தவாளிப்பு. அதற்குள் மெல்லிய பட்டி ஒன்றைச் செருகினால்தான் இறப்பர் விரிந்து இரண்டு பக்கத்தையும் இறுக்கும். அதை உருவினால் எல்லாம் தளர்ந்துவிடும். முழு வேலைக்கும் திறப்பு அந்தப் பட்டிதான்.

பெடியளுக்கு எல்லாமே 'பீடிங்'. பெரிய இறப்பரும் பீடிங், உள்ளே போகிற பட்டியும் பீடிங், கதவோரத்துக் குரோமும் பீடிங். "பீடிங்கைக் கழற்று" என்று எழுதினால் எதைக் கழற்றுவான்? போன தவணை ஒருவன் பட்டியை உருவாமலே உள்ளிருந்து காலால் தள்ளினான். சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடி. ஒரு மூலை போனது, முழுதும் கற்கண்டாய்க் கொட்டியது.

பட்டிக்கு ஒரு சொல் தாருங்கள்.

—

எழுதியவர்: மானிப்பாய்ப் பண்டிதர்
வெள்ளி நண்பகல்

பிள்ளை,

உமக்கு வேண்டிய சொல் நன்னூலில் ஆயத்தமாக இருக்கிறது: விற்பூண்.

செய்யுளின் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறைக்குப் பொருள்கோள் என்று பெயர்; அந்த எட்டில் இது ஒன்று. பூட்டுவில் என்றும் சொல்வர். வில்லின் இரு நுனியையும் நாண் பூட்டிச் சேர்ப்பதுபோலச் செய்யுளின் கடைசிச் சொல்லும் முதற்சொல்லும் சேர்ந்து பொருள் தரும். உரைகாரர் காட்டும் வெண்பா 'திறந்திடுமின்' என்று தொடங்கிக் 'கதவு' என்று முடியும். இரண்டையும் சேர்த்தால்தான் கதவைத் திறவுங்கள் என்று ஆகும். உமது பட்டியும் கண்ணாடியைச் சுற்றிவந்து தன் தலையும் வாலும் சந்திக்கும் இடத்தில் முடிகிறதா இல்லையா? முடிகிறதென்றால் அது விற்பூண். அதை உருவினால் திறபடுகிறது என்றும் சொல்லுகிறீர். நன்னூல் எழுதிய பவணந்தி மொறிஸ் மைனர் ஓட்டவில்லை, ஆனாலும் பாரும்.

—

எழுதியவர்: சென்னை நண்பர்
வெள்ளி மாலை

பண்டிதர் ஐயாவுக்கு வணக்கம். விற்பூண் அழகுதான். ஆனால் அதைப் படிக்கிற பையன் 'விற்பு ஊண்' என்று பிரித்துச் சாப்பாட்டுக்கடை என்று நினைத்துவிட மாட்டானா?

எனக்கு ஆசிரியையின் தலைப்பிலேயே ஒரு சந்தேகம். 'கழற்றிப் பூட்டுதல்' என்றால் எங்களுக்கு, கழற்றிவிட்டுச் சாவி போட்டுப் பூட்டுவது. 'முழு வேலைக்கும் திறப்பு' என்ற இடத்திலும் தடுக்கியது. அங்கே திறப்பு என்றால் சாவி என்பது இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது. 'கழற்றி மாட்டுதல்' அல்லது 'பொருத்துதல்' என்று வைத்தால் இரண்டு கரைக்கும் புரியும். பட்டிக்கு 'உட்பீடிங்' போதுமே. புரிகிற சொல்லை ஏன் விரட்ட வேண்டும்?

—

எழுதியவர்: மானிப்பாய்ப் பண்டிதர்
வெள்ளி இரவு

ஏரைப் பூட்டுகிறோம், வண்டியில் மாட்டைப் பூட்டுகிறோம், வில்லில் நாணைப் பூட்டுகிறோம். இவற்றில் எதற்கு ஐயா சாவி? இணைத்து இறுக்குவதுதான் பூட்டு. கதவுக்குத் தொங்குகிற இரும்பு அந்தப் பொருளில் ஒரு துண்டு. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் ரயர் பூட்டுவோம், மின்விசிறி பூட்டுவோம். தலைப்பில் கை வைக்கவேண்டாம்.

'உட்பீடிங்' பற்றி நான் கதைக்க விரும்பவில்லை.

—

எழுதியவர்: ரொறன்ரோவிலிருந்து
சனி அதிகாலை

இங்கே பின்னேரம், உங்களுக்கு விடியப்போகிறது. இழை நல்லாப் போகுது, நானும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறன்.

யன்னல் என்கிறோமே, அது போர்த்துக்கேயரின் ஜனேலா. ஆங்கிலத்தின் 'விண்டோ' பழைய வடமொழி, நம்முடைய வடமொழி அல்ல, ஸ்கண்டிநேவியரின் நோர்ஸ். 'விந்த்' காற்று, 'அவுகா' கண். காற்றுக்கண்! தமிழிலும் காற்றை வைத்தே ஒரு சொல் இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி: காலதர். புகார் மாளிகைகளைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் 'மான்கண் காலதர்' என்கிறது. அங்கே கண்ணும் வந்துவிட்டது, காற்றும் வந்துவிட்டது. மொறிஸின் முன்கதவில் முக்கோணமாய் ஒரு சின்னக் கண்ணாடி திரும்புமே, காற்றை வளைத்து முகத்தில் அடிக்கிறதற்கு, அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

பட்டியைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை.

—

எழுதியவர்: சுன்னாகம் கராச்
சனி காலை

அப்பா சொல்லச் சொல்ல நான் அடிக்கிறன். எழுத்துப் பிழை என்ர பிழை.

அப்பா சொல்லுறார், அந்த முக்கோணத்துக்குப் பேர் குவாட்டர் கிளாஸ், ஏறி இறங்கிற கண்ணாடிக்குப் பேர் சட்டர், அதுகளை அப்பிடியே விடட்டாம். சொல்லைப் பேந்து பார்க்கலாம், முதல் பாடத்தைச் சரியா எழுதச் சொல்லுறார்.

கழட்டேக்க: பழைய இறப்பர் வெயிலில காய்ஞ்சு கொட்டைப்பாக்கு மாதிரி இருக்கும். அதைக் காப்பாத்தப் பார்த்தால் கண்ணாடி போயிடும். புது இறப்பர் கையில இருந்தால் பழசின்ர வெளிச்சொண்டைக் கத்தியால சுத்திவர அரிஞ்சு எறியுங்கோ, கண்ணாடி தானா வரும். விளிம்பில இருக்கிற கறளை (துருவை)ச் சுரண்டிப் பெயின்ற் அடிக்காமல் புது இறப்பரைப் போடவேண்டாம். அந்தக் கறள் உள்ளுக்கிருந்து தகரத்தைத் திண்டுகொண்டே இருக்கும், மழைக்குத்தான் தெரியவரும்.

பூட்டேக்க: இறப்பரை முதல் கண்ணாடிக்குப் போடவேணும். தகரம் பிடிக்கிற தவாளிப்புக்குள்ள சுத்திவர ஒரு கயிறு, ரெண்டு நுனியும் கீழ நடுவில ஒண்டுக்கு மேல ஒண்டு போய் உள்பக்கம் தொங்கவேணும். சவர்க்காரத் தண்ணி தடவுங்கோ. கிறீஸ், எண்ணெய் கூடாது, இறப்பர் ஊதிப்போகும். வெளியில ஒருத்தர் உள்ளங்கையால அமத்த, உள்ளுக்க இருக்கிறவர் கயிறை இழுக்க இழுக்கச் சொண்டு தகரத்துக்கு மேல ஏறி இருக்கும். கடைசியாத்தான் உங்கட பட்டி. அதை இழுத்து இழுத்துப் போடக்கூடாது. இழுத்தால் அண்டைக்கு வடிவா இருக்கும், கிழமை போகச் சுருங்கி நுனி ரெண்டும் விலகிப்போகும். கொஞ்சம் நீளமா விட்டு நெருக்கிச் செருகுங்கோ.

தொண்ணூறுகளில சண்டையால இஞ்ச பெற்றோல் இல்லை. ஸ்ரார்ட் எடுக்க மட்டும் துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெயில ஓடினதுகள் இந்த ஒஸ்ரினும் மொறிஸும். பட்டி எங்க கிடைக்கிறது? சைக்கிள் ரியூப்பை நீட்டுக்கு வெட்டித் திணிச்சவராம். அதுக்கு ஒரு பேரும் வைக்கேல்லையாம்.

—

எழுதியவர்: மானிப்பாய்ப் பண்டிதர்
சனி முற்பகல்

நுனி இரண்டும் விலகினால் செய்யுளும் பொருள் தராது. என் கட்சிக்கு வலுச் சேர்த்ததற்குச் சுன்னாகத்துக்கு நன்றி. ஒருவேளை அந்தக் கயிற்றுக்கு 'அளைமறிபாப்பு' பொருந்தலாம். அதுவும் பொருள்கோள்தான். அளைக்குள் போகும் பாம்பு தலையைத் திருப்பி வைத்துக்கொள்ளும் என்பார்கள்.

—

எழுதியவர்: கொக்குவில் ஆசிரியை
சனி பிற்பகல்

ஐயா, பாம்பு வேண்டாம். 16 வயதுப் பெடியள்.

சுன்னாகம் ஐயா சொன்ன முறையை அப்படியே எடுத்துக்கொண்டேன், 'சொண்டு' உட்பட. 'இறப்பரின் நெகிழ்விளிம்பு' என்று எழுதி வைத்திருந்ததை வெட்டிவிட்டேன்.

பட்டிக்கு என் முன்மொழிவு: பூட்டுவார். வார் என்றால் தோல்வார், நீளமாய் வெட்டிய துண்டு. யாருக்கும் மறுப்பு உண்டா?

—

எழுதியவர்: சென்னை நண்பர்
சனி மாலை

"பூட்டுவாரைத் தவாளிப்பின் வாயில் வைத்து அழுத்தவும்." யாரை? பூட்டுகிறவரையா?

—

எழுதியவர்: கொக்குவில் ஆசிரியை
சனி மாலை

ஐயோ.

சரி, பூட்டுப்பட்டி. இருக்கைகளில் போடுவதை ஆசனப்பட்டி என்றுதான் எல்லாரும் சொல்லுகிறோம், ஆகவே பட்டி வாகனத்துக்குப் புதிதில்லை.

—

எழுதியவர்: மானிப்பாய்ப் பண்டிதர்
சனி இரவு

விற்பூணை விடுகிறேன். ஆனால் 'பூட்டுபட்டி' என்று எழுதவேண்டும், ப் வராது. பூட்டிய, பூட்டுகின்ற, பூட்டும் பட்டி: வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாயை 'ஊறுக்காய்' என்பீரா?

—

எழுதியவர்: ரொறன்ரோவிலிருந்து
ஞாயிறு அதிகாலை

ஐயா, இங்கே பூட்டு பெயர்ச்சொல்லாயும் நிற்கலாமே. அப்போது வன்றொடர்க் குற்றியலுகரம், ப் கட்டாயம் மிகும். 'பூட்டாகிய பட்டி' என்று விரித்தால் ஆசிரியை எழுதியது சரி.

இன்னொன்று. உங்கள் மானிப்பாயிலேயே இருந்து தமிழில் மருத்துவம் படிப்பித்தவர் கிறீன். 1847இல் வந்திறங்கிய அமெரிக்கர், உடற்கூற்றுக்கும் இரணவைத்தியத்துக்கும் எத்தனை சொல் ஆக்கினார்! அவர்கூட இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றுதான் பெயர் வைத்தார். ஒரு 'அம்' போட்டுத் தமிழாக்கினார். நாமும் 'பீடிகம்' என்று வைத்தால் என்ன?

—

எழுதியவர்: மானிப்பாய்ப் பண்டிதர்
ஞாயிறு காலை

கெமிஸ்தம் இன்றைக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது?

பூட்டாகிய பட்டி என்றால் அது பூட்டு. பூட்டுகிற பட்டி என்றால் அது செய்யும் வேலை. பெடியளுக்கு எது விளங்கவேண்டும்? ப் போட்டால் சென்னைக்காரர் சொன்ன சாவிப் பூட்டுக்குள் நாமே போய் விழுகிறோம். இது எழுத்துப்பிழை மட்டுமல்ல.

—

எழுதியவர்: சென்னை நண்பர்
ஞாயிறு நண்பகல்

நான் 'உட்பீடிங்'கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பீடிகம் வந்தால் மட்டும் மறுபடியும் கேட்பேன். ப் பற்றி எனக்குக் கருத்தில்லை, அதாவது ப் இருக்கட்டும்.

—

எழுதியவர்: கொக்குவில் ஆசிரியை
ஞாயிறு இரவு

மூன்று பேர் ப் என்கிறீர்கள், என்னையும் சேர்த்து. பண்டிதர் ஐயா இல்லை என்கிறார். சுன்னாகம் எதுவும் சொல்லவில்லை. 'பூட்டுப்பட்டி' என்றே அனுப்புகிறேன், அடைப்புக்குள் 'பீடிங்கின் உள்பட்டி' என்று ஒரு தடவை போட்டிருக்கிறேன். காலதரை அடுத்த பதிப்பில் பார்ப்போம். எல்லாருக்கும் நன்றி, கண் எரிகிறது.

—

எழுதியவர்: சுன்னாகம் கராச்
திங்கள் காலை

அப்பா கேக்கச் சொன்னார்: கயிறு எத்தனை மில்லிமீற்றர் எண்டு போட்டனீங்களோ? போடாட்டில் பெடியள் தேர் வடத்தைக் கொண்டுவருவாங்கள். 4 காணும்.

—

எழுதியவர்: கொக்குவில் ஆசிரியை
திங்கள் மாலை

4 என்று போட்டாயிற்று. படிவம் பார்க்க வந்தது. 14ஆம் பக்கத்தில் பூட்டுப்பட்டி, 17இல் பூட்டுபட்டி. அச்சுக்கோத்தவர் ஒரு இடத்தில் விட்டுவிட்டார். இரவுக்குள் திருத்தி அனுப்பவேணும்.

—

எழுதியவர்: மானிப்பாய்ப் பண்டிதர்
திங்கள் மாலை

17ஆம் பக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை. அதை அப்படியே விடவும்.