டீக்கடை அப்பாவுக்கு டீ ஃபேக்டரியைக் காட்ட வேண்டும்: மூணாறா, வால்பாறையா, குன்னூரா?

ராஜை_கயல்:

வணக்கம். ராஜபாளையத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 67 வயது, டீக்கடை வைத்திருக்கிறார். நான் பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்த கடை. இப்போது தம்பி கல்லாவில் உட்கார்ந்துவிட்டதால் அப்பாவுக்குக் கொஞ்சம் ஓய்வு. எங்கேயாவது போகலாமா என்று கேட்டால் திருச்செந்தூர் என்பார் என்று நினைத்தேன். "இந்தத் தூளை எங்கதான் பண்றாங்கன்னு ஒரு தடவை பாக்கணும்" என்றார்.

அவர் முதலில் சொன்ன இடம் மாஞ்சோலை. எங்களுக்கு அதுதான் கிட்டே. ஆனால் அங்கே இப்போது எஸ்டேட்டே நடக்கவில்லை என்கிறார்கள். அதனால் மூணாறு, வால்பாறை, குன்னூர் மூன்றில் ஒன்று. ஜனவரி 24 சனிக்கிழமை கிளம்பி 27 செவ்வாய் திரும்பலாம் என்று திட்டம். திங்கள் குடியரசு தினம், மகளுக்குப் பள்ளி விடுமுறை. முடிந்தால் இரண்டு ஊராகவே பார்த்துவிடலாமா?

வருவது அப்பா, நான், எட்டு வயது மகள். அப்பாவுக்கு மூட்டு வலி. சமதளத்தில் நடப்பார், படி ஏறுவது கஷ்டம். மகளுக்குக் குமுளி மலை ஏறுவதற்குள் வாந்தி வந்துவிடும். சொந்தக் கார் இல்லை. இணையத்தில் தேடினால் எல்லாத் திட்டத்திலும் வியூ பாயிண்ட், போட் ஹவுஸ், சாக்லேட் கடைதான் வருகிறது. எங்களுக்கு ஓடுகிற ஃபேக்டரியைப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் கிடைத்தால் சரி.

போடி_மணி:

மாஞ்சோலை பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரி. 2024-இல் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்திவிட்டது. புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற இடம், வனத்துறை அனுமதி இல்லாமல் போகவும் முடியாது. போனாலும் கொழுந்து பறிப்பதைப் பார்க்க முடியாது.

ராஜபாளையத்திலிருந்து என்றால் என் ஓட்டு மூணாறுக்குத்தான். தேனி, போடி, போடிமெட்டு, அவ்வளவுதான். போடிமெட்டைத் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் தேயிலை ஆரம்பித்துவிடும். மூணாறு டவுனை ஒட்டி நல்லதண்ணி எஸ்டேட்டில் டீ மியூசியம் இருக்கிறது. பழைய மெஷின்கள், தூள் தயாரிக்கும் முறை எல்லாம் காட்டுவார்கள். திங்கட்கிழமை விடுமுறை, அதைக் கவனத்தில் வையுங்கள். ஊர் கேரளாவில் இருந்தாலும் எஸ்டேட்டில் பேச்சு எல்லாம் தமிழ்தான், அப்பாவுக்குச் சிரமம் இருக்காது.

கொழுக்குமலைக்குக் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் வேண்டாம் என்றுவிடுங்கள். ஏறக்குறைய 7,900 அடியில் பழைய முறையில் தூள் செய்கிற அருமையான இடம், தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் கேரளா பக்கம் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறும் பாதை இடுப்பை முறித்துவிடும். மூட்டு வலிக்காரர் போகிற இடமில்லை.

பழைய_டீமேக்கர்:

அம்மா கயல், குன்னூர் பக்கம் ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரை அப்புறம் பார்ப்போம், முதலில் தேதியை மாற்றுங்கள்.

பெரும்பாலான எஸ்டேட்டில் ஞாயிறு கொழுந்து பறிப்பு கிடையாது. ஜனவரி 26 தேசிய விடுமுறை. அன்றும் பறிப்பு இல்லை. சனிக்கிழமை பறித்த கொழுந்து அன்று ராத்திரி வாடி, ஞாயிறு காலைக்குள் தூளாகிவிடும். அடுத்த கொழுந்து செவ்வாய் மதியத்துக்கு மேல்தான் ஃபேக்டரிக்கு வரும். அது வாடி மெஷினில் ஏறும்போது நீங்கள் ராஜபாளையம் பஸ்ஸில் இருப்பீர்கள். நீங்கள் சொன்ன நான்கு நாளில் கழுவித் துடைத்து வைத்த மெஷினைத்தான் பார்க்க முடியும். சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கி ஓட்டும் ஃபேக்டரிகளில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், ஆனால் அதை நம்பி இவ்வளவு தூரம் வர வேண்டாம். போதாததற்கு அந்த மூன்று நாள் தொடர் விடுமுறைக்கு ஊட்டி ரோடு முழுக்க வண்டியாக நிற்கும். குழந்தைக்கு மூன்று நாள் லீவு போட்டு, 28 புதன் முதல் 31 சனி வரை வாருங்கள்.

இன்னொன்று. ஜனவரியில் இங்கே உறைபனி, கொழுந்து குறைவு. ருசி மட்டும் இந்த மாதங்களில்தான் நன்றாக இருக்கும். குளிரில் மெதுவாக வளர்கிற கொழுந்துக்கு வாசம் கூடும். கொழுந்து குறைவாக வருவதால் மெஷினும் விடியற்காலையில் ஆரம்பித்து முற்பகலில் நின்றுவிடும். அதனால் காலை 8 மணிக்கே ஃபேக்டரி வாசலில் இருங்கள்.

இரண்டு ஊர் வேண்டாம். மலை ஏறி இறங்கி, மறுபடி வேறு மலை ஏறினால் குழந்தை வாந்தி எடுப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மூணாறு கிட்டே என்பது உண்மை, மணி சொன்ன மியூசியமும் நல்லதுதான். ஆனால் உங்கள் அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மெஷினைப் பார்க்கக் கேட்கவில்லை. டீக்கடைக்குப் போகிற தூளின் ஊர் இது. சிறு விவசாயி, ஃபேக்டரி, புரோக்கர் ஆபீஸ், ஏலம் எல்லாம் குன்னூரைச் சுற்றியே இருக்கின்றன. ஏலம் இப்போது கம்ப்யூட்டரில் நடப்பதால் போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. முன்பு கூவி ஏலம் விட்ட காலத்தில் வந்திருந்தால் அதையே காட்டியிருப்பேன்.

வருகிற வழி: மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்கு மலை ரயில். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளம், நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். மாட்டு வண்டி வேகம்தான், அதனால் கொண்டை ஊசி வளைவில் பஸ் வீசுகிற மாதிரி வீசாது. குழந்தைக்கு அதுதான் மருந்து. பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது என்பதை அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவ் போன்ற இடங்களில் நிற்கும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், சீட்டு குறைவு, இன்றைக்கே பாருங்கள். ஊட்டி வரை போக வேண்டாம், குன்னூரில் இறங்கிவிடுங்கள். பஸ், ரயிலில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. கார் வைத்து வந்தால்தான் வேண்டும், 2024 மே முதல் இந்த நடைமுறை.

எந்த ஃபேக்டரி என்று கேட்பீர்கள். தொட்டபெட்டா பக்கம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஃபேக்டரி இருக்கிறது. கூட்டம் கூட்டமாக உள்ளே விட்டு, ஒரு சின்னக் கப் டீ கொடுத்து, கடை வழியாக வெளியே அனுப்புவார்கள். குழந்தைக்குப் பிடிக்கும். குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு மேலேயும் பார்வையாளர்களை விடுகிற ஃபேக்டரி உண்டு. நான் சொல்வது கூட்டுறவு ஃபேக்டரி. கட்டபெட்டு, குந்தா, கைகாட்டி என்று இன்ட்கோசர்வின் (கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரிகளின் கூட்டமைப்பு) கீழ் இருப்பவை. கட்டபெட்டு உங்களுக்கு வசதி. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி ரோடுகள் சேர்கிற பக்கம், பஸ் உண்டு. முதல் நாளே போய் ஆபீசில் அனுமதி கேளுங்கள். "டூரிஸ்ட்" என்று சொல்லாதீர்கள். "அப்பா டீக்கடைக்காரர், தூள் பண்றதைப் பாக்கணும்" என்று சொல்லுங்கள். மறுப்பதும் அவர்கள் உரிமை, மறுத்தால் அடுத்த ஃபேக்டரி. அனுமதி கிடைத்தால் உங்கள் அப்பாவை லேசில் திருப்பி அனுப்ப மாட்டார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள், பாருங்கள்.

உள்ளே என்ன பார்க்க வேண்டும்: கம்பி வலை போட்ட நீளத் தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பிக் கீழிருந்து காற்று அடிப்பார்கள். ராத்திரி முழுக்க வாடும். பல பழைய ஃபேக்டரிகளில் இது மாடியில், படி செங்குத்து. அப்பா கீழேயே இருக்கட்டும், இழப்பு ஒன்றுமில்லை, கதையெல்லாம் கீழேதான். வாடிய கொழுந்து சி.டி.சி. ரோலர்களுக்குள் போகும். ஒன்றுக்கு எதிராக ஒன்று சுற்றும் பல் வைத்த உருளைகள். நசுக்கி, கிழித்து, சுருட்டிப் பச்சைக் குருணையாகத் தள்ளும். அந்தப் பச்சை கண்ணெதிரே செம்புநிறமாக மாறும். எப்போது போதும் என்று முகர்ந்து பார்த்துச் சொல்வதுதான் டீமேக்கர் வேலை. கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் உப்புச்சப்பில்லாத தூள். அப்புறம் டிரையர், சல்லடை. ஏறக்குறைய நாலரை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள்.

சல்லடைக்குக் கீழே அப்பாவை நிற்க வையுங்கள். பெரிய குருணை தனியாக, பொடி தனியாக விழும். எஸ்.ஆர்.டி., எஸ்.எஃப்.டி., ஆர்.டி. என்று மூட்டையில் எழுதியிருப்பதைக் கடையில் பார்த்திருப்பார். பொடி ரகங்களின் பெயர்கள் அவை, கடைசி 'டி' என்பது டஸ்ட். டஸ்ட் என்றால் மட்டச் சரக்கு என்று படித்தவர்களே பேசுகிறார்கள். அதே கொழுந்து, அதே மெஷின். பொடியாக இருப்பதால் சீக்கிரம் இறங்கும், பால் ஊற்றினாலும் ருசி தூக்கி நிற்கும். கண் மூடித் திறப்பதற்குள் கப்பு கேட்கிற கடைக்கு அதுதான் சரி.

உள்ளே துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், குழந்தையின் கையை விடாதீர்கள். தூள் பறக்கும், வீசிங் இருந்தால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

ரொட்டிக்கடை_செல்வி:

அக்கா, நான் வால்பாறை. எஸ்டேட் பாடியில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவள், இப்போது திருப்பூரில் வேலை. எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று நானே சொல்கிறேன், இந்த முறை மட்டும்! ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. குமுளிக்கே வாந்தி என்றால் பாப்பா பாவம். 2025 நவம்பரிலிருந்து எங்கள் ஊருக்கும் இ-பாஸ். பாப்பா வளர்ந்ததும் வாருங்கள், அட்டகட்டி பக்கம் வரையாடு ரோட்டோரமே நிற்கும், புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு காட்டுகிறேன்.

நான் எழுத வந்தது வேறு. எந்த மலைக்குப் போனாலும், கொழுந்து பறிக்கிறவர்கள் பக்கத்தில் போய் "அக்கா இங்கே பாருங்க" என்று போட்டோ எடுக்காதீர்கள். எடை போட்டுத்தான் கணக்கு. அம்மா பறிக்கிற காலத்தில், வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்கள் கூடையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் போன பிறகு விட்டுப்போன கிலோவை அம்மாதான் பிடிக்க வேண்டும். மதியமோ சாயங்காலமோ எடை போடுகிற இடத்தில் கூட்டமாக நிற்பார்கள், அப்போது போய்ப் பேசுங்கள், நன்றாகப் பேசுவார்கள். தமிழில் பதில் வரவில்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள். ஜார்க்கண்ட், அசாம் பக்கத்துக்காரர்கள் இப்போது நிறைய. எங்கள் செட்டில் யாரும் மலைக்குத் திரும்பவில்லை, நான் உட்பட.

செடிக்கு நடுவே இறங்கி நடக்கிற ஆசை பாப்பாவுக்கு வரும். தோட்டம் தனியார் நிலம், கேட்காமல் இறங்கக் கூடாது. இருட்டுகிற நேரத்தில் கேட்டுக்கூட இறங்காதீர்கள். சிறுத்தை தேயிலைக்குள்தான் படுத்திருக்கும். கரடி குன்னூர், கோத்தகிரி பக்கம் இன்னும் அதிகம்.

ராஜை_கயல்:

எல்லோருக்கும் நன்றி. மணி அண்ணா, மூணாறை கோடையில் வைத்துக்கொள்கிறோம். செல்வி, உன் அம்மாவைப் பற்றி நீ சொன்னதை மகளிடம் அப்படியே படித்துக் காட்டினேன்.

ஐயா, தேதியை மாற்றிவிட்டோம், 28 முதல் 31. உங்கள் பதிலை அப்பா இரண்டு முறை படிக்கச் சொன்னார். அவருடைய கேள்விகள்: ஒன்று, கடையில் இப்போது வாங்குகிற தூளைக் கொஞ்சம் எடுத்துவந்தால் நல்லதா கலப்படமா என்று யாராவது பார்த்துச் சொல்வார்களா? இரண்டு, அங்கேயே மொத்தமாக வாங்கினால் கடைக்குக் கட்டுபடியாகுமா? என்னுடைய கேள்வி, மலை ரயிலில் 28-க்கு வெயிட்டிங் லிஸ்ட் காட்டுகிறது. என்ன செய்வது?

பழைய_டீமேக்கர்:

தூளை எடுத்து வரச் சொல்லுங்கள், நூறு கிராம் போதும். ஃபேக்டரியில் தினமும் டேஸ்டிங் போடுவார்கள். அன்றைய தூளுக்குப் பக்கத்தில் உங்கள் தூளையும் ஒரு கப் போடச் சொல்லிக் கேட்டால் போடுவார்கள். சாயக் கலப்படம் பார்க்க இங்கே வரவே வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி மேலே ஒரு சிட்டிகை தூவுங்கள். போட்டதும் சிவப்பாகக் கோடு கோடாக இறங்கினால் சாயம். நல்ல தூள் குளிர்ந்த தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் நிறம் விடாது. தண்ணீர் தெளித்த வெள்ளைத் தாளில் போட்டும் பார்க்கலாம்.

மொத்தமாக வாங்குவது பற்றி: இங்கத்தித் தூளுக்கு வாசமும் சுறுசுறுப்பும் உண்டு, அசாம் தூளுக்கு நிறமும் கெட்டியும் அதிகம். பாக்கெட் கம்பெனிகள் இரண்டையும் கலந்துதான் ருசியை ஒரே மாதிரி வைத்திருக்கின்றன. அப்பாவின் வாடிக்கையாளர்கள் பழகிய ருசி எது என்று அவருக்குத்தான் தெரியும். திடீரென்று மாற்றினால் காலை ஆறு மணி கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விடும். ஐந்து கிலோ வாங்கிப் போய், பழைய தூளோடு கால் பங்கு கலந்து போட்டுப் பார்க்கட்டும். ரோட்டோரத்தில் சாக்லேட் டீ, ஏலக்காய் டீ என்று அழகான டப்பாவில் விற்பதை வாங்க வேண்டாம். ஃபேக்டரி கவுண்டரில் வாங்குங்கள். விலை பேசும்போது அங்கே பசுந்தேயிலை போட வந்த விவசாயி யாராவது நின்றால், கிலோ கொழுந்துக்கு என்ன கிடைக்கிறது என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். கிளாஸுக்கு ஒரு ரூபாய் ஏற்றுவதற்கு அவர் கடையில் எத்தனை பேரிடம் பேச்சு வாங்குகிறாரோ, அதே கதையை இவர்களும் வைத்திருக்கிறார்கள்.

ரயில்: வெயிட்டிங் லிஸ்ட்டை நம்ப வேண்டாம். 28 அன்று மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறுங்கள். குழந்தைக்கு வெறும் வயிறும் வேண்டாம், முழு வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி, முன் சீட்டு, செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே தினமும் சில முறை ரயில் ஓடுகிறது, அதில் ஒரு நாள் போய் வாருங்கள். திரும்பும்போது இறங்குகிற ரயிலுக்கு டிக்கெட் இருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் ஏறுவதற்கு மட்டும்தான் அடித்துக்கொள்வார்கள்.

அறையை பஸ் ஸ்டாண்டு பக்கம் எடுக்காமல் பெட்ஃபோர்டு பக்கம் எடுங்கள், அப்பாவுக்கு ஏற்றம் குறையும். வெந்நீர் உண்டா என்று கேட்டு எடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இந்த மாவட்டத்தில் தடை, வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள். அப்பாவுக்கு மங்கி குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ்.