பாட்டு டீச்சர் ஆப்: ஸ்விஃப்ட்டேட்டாவிலேயே இருப்பதா, எஸ்க்யூலைட்டுக்கு ஓடுவதா?

கருப்பட்டி_காபி
எல்லோருக்கும் வணக்கம். என் அத்தை பாட்டு டீச்சர். 60 பிள்ளைகள், மாசம் ஆளுக்கு எட்டு வகுப்பு. யார் வந்தாங்க, யார் வரலை, எந்தப் பாட்டு எதுவரைக்கும் ஆச்சுன்னு டைரியில எழுதிட்டிருந்தாங்க. அவங்களுக்காக ஒரு ஐபோன் ஆப் எழுதினேன். இப்போ அவங்க தோழிகள் பத்துப் பேரும் அதைத்தான் வச்சிருக்காங்க.

டேட்டாவைச் சேமிக்க ஆப்பிளோட ஸ்விஃப்ட்டேட்டா லைப்ரரிதான். கோடுல மாணவர், வருகைன்னு ரெண்டே கிளாஸ். தலையில @மாடல்னு போட்டதும் கிளாஸே டேபிள் ஆயிடுச்சு. ஸ்கிரீன்ல @குவெரி போட்டா டேட்டா மாறும்போது லிஸ்ட் தானா மாறுது. மூணு ராத்திரியில முடிச்சேன்.

இந்த மாசம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஃபீஸ் வைக்கணும்னு கேட்டாங்க. ஒரு ஃபீல்ட் சேர்த்து அப்டேட் விட்டேன். என் கம்ப்யூட்டர்ல இருக்கற சிமுலேட்டர்ல அருமையா ஓடிச்சு. ஒண்ணாந்தேதி காலையில அத்தை போன்: "தொட்டா திறக்குது, உடனே மூடிக்கிறது". ஃபீஸ் வாங்குற நாள் அன்னிக்கு! கிராஷ் லாக்ல 134110, கட்டாயமான ஃபீல்டுக்கு மதிப்பு இல்லைன்னு வருது.

பேசாம எல்லாத்தையும் தூக்கிட்டு நேரா எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்ல எழுதிடலாமான்னு இருக்கு. என்ன சொல்றீங்க?

திண்ணை_புரோகிராமர்
எழுதிடு தம்பி. இதை நான் எத்தனை வருஷமா கத்திட்டிருக்கேன்.

"என்ன வேணும்னு சொல்லு, எப்படின்னு நான் பாத்துக்கறேன்"னு இந்த டிக்ளரேட்டிவ் லைப்ரரிகள் சொல்லுதே, அது கேக்க நல்லாத்தான் இருக்கும். நீ எழுதற கிளாஸ் இன்னிக்கு டேட்டா எப்படி இருக்கணும்னு சொல்லுது. அத்தை போன்ல இருக்கற ஃபைல் போன மாசத்து உருவத்துல இருக்கு. பிளானைத் திருத்தி வரைஞ்சா கட்டின சுவர் தானா நகருமா?

எஸ்க்யூலைட்டோட நேரா பேச உதவற ஜிஆர்டிபி லைப்ரரியை எடுத்துக்கோ. அதுல பழைய டேட்டாவைப் புது உருவத்துக்கு மாத்தற மைக்ரேஷன் ஒவ்வொண்ணும் பேர் வச்ச ஒரு படி. முதல் படி டேபிள் உருவாக்கும், ரெண்டாவது படி ஃபீஸ் சேர்க்கும். எந்தப் படி ஓடிச்சுன்னு டேட்டாபேஸ்லயே குறிச்சு வச்சுக்கும், ஒரு படியை ரெண்டு தடவை ஓட்டாது. வெளியே விட்ட படியைத் திரும்பத் தொடக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். ஆறு மாசம் ஆப்பைத் திறக்காதவர் திறந்தாலும் விட்ட இடத்துலேர்ந்து வரிசையா ஓடி வந்து சேர்ந்துடும்.

நித்யகல்யாணி
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றீங்களே அண்ணா.

காபி, உங்க தப்பு எங்கேன்னு பார்க்காமலே சொல்றேன். ஃபீஸுக்கு ஆரம்ப மதிப்பை இனிட்டுக்குள்ள (புது ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடற கோடு) கொடுத்திருப்பீங்க. அது புதுசா உருவாகிற மாணவருக்குத்தான் உதவும். ஏற்கெனவே ஃபைல்ல இருக்கிற 60 பேருக்கும் இனிட் ஓடாது. மதிப்பை ஃபீல்டை அறிவிக்கிற வரியிலேயே கொடுங்க. ஸ்விஃப்ட்டேட்டா அதை ஸ்கீமாவுல, அதாவது டேட்டாவோட பிளான்ல, எழுதிக்கும், பழைய வரிகளுக்கும் அதையே போடும்.

சிமுலேட்டர்ல ஏன் ஓடிச்சு? ஆப்பை அழிச்சுட்டுப் புதுசா போட்டிருப்பீங்க. காலி டேட்டாபேஸ்ல எந்த மாடலும் ஓடும். மூடிக்கிறதுக்குக் காரணமும் உங்க கோடுலேயே இருக்கு. டேட்டாவைத் திறக்கற கன்டெய்னர் உருவாகலைன்னா ஆப்பையே நிறுத்தற ஃபேட்டல்எரர்னு எக்ஸ்கோட் டெம்ப்ளேட்ல ஒரு வரி வருமே, அதை அப்படியே விட்டிருப்பீங்க.

ஒரு வரித் திருத்தம். இதுக்காக முழு ஆப்பையும் டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்ல எழுதணுமா?

கையால எழுதினா தப்பு வராதுன்னும் நினைக்காதீங்க. முன்னே நான் வேலை பார்த்த இடத்துல எல்லாமே கையெழுத்து எஸ்க்யூஎல். வாடிக்கையாளரை நீக்கினா அவரோட ஆர்டர்கள் அப்படியே கிடக்கும். எஸ்க்யூலைட்ல ஒரு டேபிளை இன்னொண்ணோட கட்டி வைக்கிற ஃபாரின் கீ கட்டுப்பாடு இயல்பா அணைஞ்சே இருக்கும், ஒவ்வொரு கனெக்‌ஷன்லயும் நாமதான் போட்டுவிடணும். அதை எழுதினவருக்குத் தெரியாது, எனக்கும் அப்போ தெரியாது. மாசக் கணக்குல ஆள் இல்லாத ஆர்டர்கள் பேய் மாதிரி வந்து நிக்கும். ஸ்விஃப்ட்டேட்டாவுல உறவை அறிவிக்கும்போதே டெலீட் ரூல் கேஸ்கேட்னு ஒரு வார்த்தை சேர்த்தா முடிஞ்சுது, ஆளோட சேர்ந்து அவரோட வரிகளும் போயிடும்.

திண்ணை_புரோகிராமர்
ஃபாரின் கீ கதை சரிதான். ஆனா ஜிஆர்டிபி அதை இயல்பாவே போட்டுத்தான் திறக்கும். நான் வெறும் சி ஏபிஐல எழுதச் சொல்லலை நித்யா.

இந்த மாசம் ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை வகுப்பு, எவ்வளவு பாக்கி? எஸ்க்யூஎல்ல ஆள்வாரியாப் பிரிக்க ஒரு குரூப் பை, கூட்ட ஒரு சம். ஸ்விஃப்ட்டேட்டாவுல எண்ணிக்கை மட்டும் வேணும்னா ஃபெட்ச்கவுன்ட் இருக்கு. கூட்டுத்தொகைக்கு? எல்லா ஆப்ஜெக்ட்டையும் மெமரிக்கு இழுத்து வந்து நீயே கூட்டணும். ஆப்பிளோட முந்தைய லைப்ரரி கோர் டேட்டாவுலயாவது சுத்தி வளைச்சு ஒரு வழி இருந்துச்சு.

நம்பலைன்னா லாஞ்ச் ஆர்க்யுமென்ட்ல ஓடற குவெரியை எல்லாம் காட்டற, கோர் டேட்டாவோட எஸ்க்யூஎல்டீபக் கொடியை 1ன்னு வச்சு ஓட்டிப் பாருங்க. ஸ்விஃப்ட்டேட்டாவுக்கும் அது வேலை செய்யும், அடியில ஓடறது கோர் டேட்டாதானே. லிஸ்ட்ல ஒவ்வொரு மாணவருக்கும் கீழ வருகை எண்ணிக்கை காட்டினா, ஸ்க்ரோல் பண்ணப் பண்ண செலக்ட், செலக்ட், செலக்ட்னு கன்சோல் நிரம்பும்.

மாம்பலம்_மணி
ஐபோன் எக்ஸ் வச்சிருக்கிற டீச்சர் என்ன பண்ணுவார்? அது ஐஓஎஸ் 16ஓட நின்னுபோச்சு. ஸ்விஃப்ட்டேட்டாவுக்கு 17 வேணும்.

கருப்பட்டி_காபி
அப்படி ஒருத்தர் இருந்தார். பொண்ணோட பழைய ஐபேட்ல ஓட்டறார் இப்போ.

நித்யா அக்கா, இனிட்லதான் கொடுத்திருந்தேன். உளவுத்துறையா நீங்க?

நித்யகல்யாணி
எல்லாரும் ஒரு தடவை விழற குழி, நானும் விழுந்தேன்.

அண்ணா, 60 பேர், மாசம் எட்டு வகுப்பு. மாசத்துக்கு 480 வரி, வருஷத்துக்கு 5,760. இன்னிக்கு இருக்கிற போன் இதைக் கூட்ட எவ்வளவு நேரம் எடுக்கும்? மாசத்துக்கு ஒரு பிரெடிகேட் (வடிகட்டி) போட்டு இழுத்தா அந்த 480தான் மெமரிக்கு வரும். பேங்க் கணக்கு எழுதறவங்க கவலையை பாட்டு டீச்சர் தலையில கட்டாதீங்க.

இன்னொண்ணு. அத்தை நாளைக்கே "போன்ல போட்டது ஐபேட்ல வரலையே"ன்னு கேப்பாங்க. ஸ்விஃப்ட்டேட்டான்னா, ஐகிளவுட் வழியா சிங்க் பண்ற கிளவுட்கிட்டைச் சேர்த்தா கிட்டத்தட்ட வேலை முடிஞ்சுது. எல்லா ஃபீல்டும் ஆப்ஷனலா (காலியா விடக்கூடியதா) இருக்கணும் இல்லேன்னா ஆரம்ப மதிப்பு இருக்கணும், உறவுகள் ஆப்ஷனலா இருக்கணும், யூனிக் கட்டுப்பாடு கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டா போதும். ஜிஆர்டிபில அந்த சிங்க்கை நீங்க வந்து எழுதிக் கொடுப்பீங்களா?

திண்ணை_புரோகிராமர்
எழுத மாட்டேன். அது நல்ல பாயின்ட், ஒத்துக்கறேன்.

ஆனா கிளவுட்கிட்ல ஸ்கீமாவை புரொடக்‌ஷனுக்கு ஏத்திட்டா அப்புறம் சேர்க்க மட்டும்தான் முடியும். ஃபீல்டை நீக்கவோ பேரை மாத்தவோ முடியாது. இன்னிக்கு ஃபீல்டுக்கு வைக்கிற பேரு உங்க பேரன் காலம் வரைக்கும் அங்கேயே இருக்கும்.

ரூம்_போட்டு_யோசிப்பவன்
ஆண்ட்ராய்டு பக்கத்துலேர்ந்து ஒரு குரல். ரெண்டு பேரும் பேசறது ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகுது.

டிக்ளரேட்டிவா இல்லையாங்கறது பிரச்சினையே இல்லை. ஆண்ட்ராய்டோட டேட்டாபேஸ் லைப்ரரியான எங்க ரூமும் 2017லேர்ந்து டிக்ளரேட்டிவ்தான். கிளாஸ் மேல @என்டிட்டி. ஆனா குவெரி எஸ்க்யூஎல்லதான் எழுதுவோம். இல்லாத ஃபீல்டைக் கேட்டா கம்பைல் ஆகாது. முக்கியமா, ஒவ்வொரு வெர்ஷனோட ஸ்கீமாவையும் ஒரு ஜேசன் ஃபைலா எழுதி வைக்கச் சொல்லலாம், அது கோடோட சேர்ந்து, பழைய வெர்ஷன்களை எல்லாம் சேமிச்சு வைக்கிற கிட்ல போயிடும். ரூம் 2.4லேர்ந்து ஆட்டோமைக்ரேஷன் வந்துச்சு. பழைய ஜேசனையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பார்க்கும். ஒரு ஃபீல்ட் காணாமப் போயிருந்தா "இதை நீக்கினியா, பேரை மாத்தினியா, எழுதிக் கொடு"ன்னு கம்பைலையே நிறுத்திடும்.

நேத்து எப்படி இருந்துச்சுன்னு லைப்ரரிக்குத் தெரியுமா தெரியாதா, கேள்வி அதுதான். ஸ்விஃப்ட்டேட்டாவுல ஒவ்வொரு வெர்ஷனோட உருவத்தையும் எழுதி வைக்க வெர்ஷன்ட்ஸ்கீமான்னு ஒண்ணு இருக்கு, ஆனா எழுதணும்னு யாரும் கட்டாயப்படுத்தறதில்லை. அதனால யாரும் எழுதறதில்லை.

(ரூம்ல குழியே இல்லைன்னு சொல்லலை. ஃபால்பேக் டு டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்னு ஒரு வரி இருக்கு. மைக்ரேஷன் இல்லேன்னா டேபிளை எல்லாம் தூக்கிட்டுக் காலியா ஆரம்பிக்கும். எங்கிருந்தாவது காப்பி அடிச்ச கோடுல அது கட்டாயம் இருக்கும்.)

மாம்பலம்_மணி
ரெல்ம்ங்கற மொபைல் டேட்டாபேஸ் பத்தி யாரும் பேசலையே. 2014ல வந்தப்போ எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடினோம். 2019ல மோங்கோடிபி கம்பெனி வாங்கிச்சு, 2024 செப்டம்பர்ல சிங்க்கையும் எஸ்டிகேவையும் கைவிடறதா அறிவிச்சிட்டாங்க. அதோட ஃபைல் அதுக்கே உரிய வடிவம். எஸ்க்யூலைட் ஃபைலை எதை வச்சும் திறக்கலாம். அதை எழுதறவங்க 2050 வரைக்கும் பார்த்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க.

நித்யகல்யாணி
ஸ்விஃப்ட்டேட்டா எழுதறதும் எஸ்க்யூலைட் ஃபைல்தான். திறந்தா டேபிள், ஃபீல்ட் எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு இசட் ஒட்டிக்கிட்டிருக்கும், அவ்வளவுதான். அடியில இருக்கிற கோர் டேட்டா 2005ல மேக் ஓஎஸ் டைகரோட வந்தது. நேத்துப் பிறந்த குழந்தை இல்லை.

கருப்பட்டி_காபி
சரி, அக்கா சொன்னபடி ஆரம்ப மதிப்பை ஃபீல்ட்லயே கொடுத்துட்டேன். பேரைத் திருத்தினதெல்லாம் அப்படியே இருக்கட்டும்தானே? இதே அப்டேட்ல 'நோட்ஸ்'ங்கறதை 'லெஸன்நோட்ஸ்'னு மாத்தியிருந்தேன், படிக்கத் தெளிவா இருக்கட்டும்னு. இன்னிக்கு ராத்திரி ஏத்திடறேன்.

திண்ணை_புரோகிராமர்
ஏத்தாதே.

நித்யகல்யாணி
ஏத்தாதீங்க!! பழைய பேரை ஒரிஜினல்நேம்னு கொடுத்தீங்களா?

கருப்பட்டி_காபி
அப்படின்னா?

நித்யகல்யாணி
லைப்ரரிக்கு நீங்க பேரை மாத்தினது தெரியாது. நோட்ஸ்னு ஒண்ணு போயிடுச்சு, லெஸன்நோட்ஸ்னு ஒண்ணு வந்திருக்குன்னுதான் பார்க்கும். பழையதைத் தூக்கிப் போட்டுட்டு, புதுசைக் காலியா உருவாக்கும். கிராஷ் ஆகாது, எரர் வராது. ஆப் சமர்த்தா திறக்கும், குறிப்பு மட்டும் ஒண்ணுகூட இருக்காது.

இதுவரைக்கும் கிராஷ் ஆனதே உங்க நல்ல நேரம். மைக்ரேஷன் நடுவுல நின்னதால பழைய ஃபைல் அப்படியே இருக்கு. ஃபீஸை மட்டும் சரிபண்ணி ஏத்தியிருந்தா இன்னிக்கு ராத்திரி பதினோரு டீச்சரோட குறிப்பும் போயிருக்கும். அந்த ஃபீல்டுக்கு மேல @ஆட்ரிபியூட் போட்டு ஒரிஜினல்நேம் 'நோட்ஸ்'னு கொடுங்க.

அண்ணா, இந்த இடத்துல நீங்க சொன்னதுதான் சரி. இந்த லைப்ரரி வாயைத் திறந்து கேட்டிருக்கணும்.

திண்ணை_புரோகிராமர்
கிட்ல பழைய ரிலீஸோட டேக் இருக்கா தம்பி? அதை எடுத்து சிமுலேட்டர்ல ஓட்டு. நாலு மாணவரைப் போடு, குறிப்பு எழுது. ஆப்பை அழிக்காம அதுக்கு மேலேயே புதுசை ஓட்டு. எந்த லைப்ரரியா இருந்தாலும் இதை மட்டும் விட்டுடாதே.

ரூம்_போட்டு_யோசிப்பவன்
அப்படியே வெர்ஷன்ட்ஸ்கீமாவும் எழுதிடுங்க. முதல் வெர்ஷன்னு எழுதறது வெளியே விட்டதோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். இல்லேன்னா 'தெரியாத மாடல் வெர்ஷன்'னு அதுவும் கவுத்துடும்.

கருப்பட்டி_காபி
நேத்து ராத்திரி அண்ணன் சொன்ன மாதிரி செஞ்சேன். முதல்ல ஒரிஜினல்நேம் இல்லாம ஓட்டினேன், சும்மா பார்க்க. "மோகன வர்ணம், முக்தாயி ஸ்வரம் வரை"ன்னு எழுதின இடம் வெள்ளையா இருந்துச்சு. கொஞ்ச நேரம் அந்த ஸ்கிரீனையே பார்த்துட்டிருந்தேன். அப்புறம் ஒரிஜினல்நேம் போட்டு, பழைய பில்டுலேர்ந்து மறுபடி ஓட்டினேன். குறிப்பு இருக்கு. ஃபீஸ் 0.0ன்னு காட்டுது.

ஸ்விஃப்ட்டேட்டாவுலயே இருக்கப்போறேன். அண்ணே கோவிச்சுக்காதீங்க.

திண்ணை_புரோகிராமர்
கோவம் எதுக்கு. அது என்ன 0.0? காசை டபுள்ங்கற தோராயத் தசம எண்லயா வச்சிருக்கே?

கருப்பட்டி_காபி
ஆமாம்.

நித்யகல்யாணி
அட கடவுளே. பைசாவா, முழு எண்ணான இன்ட்ல வைங்க. டைப்பை அப்புறம் மாத்தணும்னா தானா நடக்கற லைட்வெயிட் மைக்ரேஷன் வராது, கையால எழுதணும். நல்லவேளை, இன்னும் யார் போன்லயும் அந்த ஃபீல்ட் பிறக்கலை. ஏத்தறதுக்கு முன்னாடி இப்பவே மாத்திடுங்க.

கருப்பட்டி_காபி
போன வாரம் ஒரு டீச்சர் புதுசா சேர்ந்தாங்க. அந்த அப்டேட்தான் முதல்ல இறக்கினாங்க. அவங்களுக்கு மட்டும் ஆப் ஒரு தொந்தரவும் இல்லாம ஓடுது.

திண்ணை_புரோகிராமர்
எத்தனை பிள்ளைகளுக்கு ஃபீஸ் போட்டிருக்காங்கன்னு போன் பண்ணிக் கேளு.